விளக்கு வைத்த பிறகு ஒரு மெஷின்

கன்னடர்களின் கார்த்திக மாதம் கடைசித் திங்கட்கிழமை, பசவனகுடியில் கடலைக்காய் பரிஷெ. பெங்களூரில் இருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: புல் டெம்பிள் ரோட்டின் இரண்டு பக்கமும் நிலக்கடலையை அம்பாரமாகக் கொட்டி வைத்து, பச்சை, வேகவைத்தது, வறுத்தது என்று அளந்து போட்டுக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் வருடம் தவறுவதில்லை. போன தடவையும் ராமமூர்த்தி நகரிலிருந்து பாதி ஊரைக் கடந்து போய், வறுத்த கடலை மூன்று சேர் வாங்கிக்கொண்டு, ட்ராஃபிக்கில் ஊர்ந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

பிள்ளைகள் இரண்டும் ஹாலில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தன. ஓட்டைத் தட்டில் போடு என்றால் போட்டுவிடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பிரச்சினை உள்ளே இருக்கும் அந்தச் சிவப்புத் தோல். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, வாயைக் குவித்து ஒரு ஊது. மேலே ஃபேன் வேறு. பத்து நிமிடத்தில் சோபா இடுக்கில், டிவி ஸ்டாண்டுக்கு அடியில், திறந்து கிடந்த ஸ்கூல் பைக்குள், அத்தையின் தலைமுடியில் என்று எங்கும் கடலைத்தோல். நான் வாரியலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வெளக்கு வச்சாச்சுல்லா. இனி வாரியலத் தொடாத. காலைல பாத்துக்கிடலாம்."

என் மாமியாருக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கினால் லட்சுமி வெளியே போய்விடுவாள். அவசரம் என்றால் ஒரு விலக்கு உண்டு: பெருக்கலாம், ஆனால் குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளக் கூடாது, மூலையில் ஒதுக்கி வைத்துக் காலையில்தான் அள்ள வேண்டும். இந்த விலக்கையும் அத்தை சுலபமாகத் தருவதில்லை.

இவர் பரணிலிருந்து எங்கள் பழைய கையடக்க வேக்குவம் கிளீனரை இறக்கினார். என்றோ தள்ளுபடியில் வாங்கி இரண்டே தடவை உபயோகித்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இழுத்தா குப்ப எங்க போவும்?"

"இதுக்குள்ளயேதான்ம்மா இருக்கும். நாமளா எடுத்துக் கொட்டுற வரைக்கும்."

"அப்பம் வெளிய போவலையே. வயித்துக்குள்ளதான கெடக்கு. காலைல கொட்டிக்கிடுங்க."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்துவிட்டது. மெஷின்தான் தோற்றது. 800 வாட், வயர் மட்டும் சோபா வரை எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் போர்டு தேடி எடுத்தோம். போட்டதும் கீழ்வீட்டு ஓனர் அம்மா போன் செய்து என்ன உடைக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் விடப் பெரிய வேடிக்கை, அந்த மெஷின் முன்னால் உறிஞ்சும் காற்றைப் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக வெளியே விட்டது. மூக்கு கடலைத்தோலை நெருங்கும் முன்பே விலாவிலிருந்து வந்த காற்று அதை ஊதி நாலடி தள்ளிப் போட்டுவிடும். என் மகன் ஊதியதையே மெஷினும் செய்தது, கரண்ட் செலவில்.

அன்றைக்கு ஆரம்பித்த தேடல் டிசம்பர் நடு வரைக்கும் போனது.

முதலில் எங்கள் வீட்டுக் குப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரரோ விளம்பரமோ அதைக் கேட்பதே இல்லை. மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம். பக்கத்தில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று ஆறு வருடம் காலியாகக் கிடந்து, இப்போது கட்டிடம் எழும்புகிறது. பெங்களூரில் பக்கத்து சைட் காலி என்பது ஒரு தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான். எம்-சாண்ட் இறங்கும் நாளில் ஜன்னல் கம்பி வெள்ளையாகும். கிரானைட் அறுக்கும் நாளில் பல்லில் நறநற. மகனின் ஷூவிலிருந்து மைதானத்துச் செம்மண். மகளின் பென்சில் சீவல், ரப்பர் துகள். மூன்று பெண்களின் தலைமுடி. சோபா இடுக்கில் ஓமப்பொடி, பொரி, எந்தக் காலத்திலோ தொலைந்த ஒரு பிஸ்கட்டின் பொடி. இதோடு புது பூந்துடைப்பமும் சேர்ந்துகொள்ளும். மேகாலயா மலைச்சரிவுகளில் விளையும் புல்லின் கதிர் அது. வாங்கி ஒரு மாதம் வரை வீட்டுத் தூசியை எடுப்பதைவிடத் தன் பூவை உதிர்ப்பதில்தான் அதற்கு அக்கறை.

மகளுக்கு இளைப்பு இருக்கிறது. குளிர் மாதங்களில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டோம். இந்த ஊரில் அது அபூர்வமும் இல்லை. பெங்களூர்க் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ், மருத்துவமனைக்கு வந்த 20,000 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1979இல் 9 சதவீதம் குழந்தைகளிடம் இருந்த ஆஸ்துமா 1999இல் 29.5 சதவீதமாகியிருந்தது. மருத்துவமனைக் கணக்குதான், ஊர்க் கணக்கு அல்ல. ஆனாலும் இளைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த எண் வேறு மாதிரி தெரியும். வாரியல் தூசியை அள்ளுவதில் பாதி, எழுப்பிவிடுவதில் பாதி. பெருக்கி முடித்து அரை மணி நேரம் கழித்து அந்தப் பாதி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்குள் தள்ளிப்போகிற வேக்குவம் கிளீனர் பிறந்ததே ஓர் இளைப்பால்தான் என்று பிறகு படித்தேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில், ஒரு கடையைப் பெருக்கும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர். ஆஸ்துமாக்காரர். பெருக்கினால் இருமல். ஒரு ஃபேன் மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை மூன்றையும் சேர்த்துத் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். 1908இல் காப்புரிமை. அதை வாங்கிய குடும்பத்தின் பெயர் ஹூவர். அந்தப் பெயரே பிறகு இங்கிலாந்தில் மெஷினுக்கும் வேலைக்கும் பெயராகிவிட்டது.

அவருக்கு முன்பே 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் பெரிய உறிஞ்சு இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். குதிரை வண்டியில் கொண்டுவந்து தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். பூத் செய்த முதல் சோதனைக்கு மெஷினே கிடையாது. நாற்காலியின் துணிமேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சினார். கைக்குட்டையில் கறுப்பு வட்டம். அவருக்குப் பலத்த இருமலும் வந்ததாம்.

அந்தக் கறுப்பு வட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். 1994, பாளையங்கோட்டை, எனக்கு ஒன்பது வயது. வேகாத வெயிலில் கழுத்தில் டை கட்டிய ஓர் அண்ணன் யூரோகிளீன் பெட்டியோடு வந்தார். யுரேகா ஃபோர்ப்ஸ் 1982இல் தொடங்கிய கம்பெனி; வீடு வீடாகப் போய் விற்றே பெயர் வாங்கியது. அவர் குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி எங்கள் மெத்தைமேல் ஓட்டினார். துணியை விரித்துக் காட்டினார். அம்மா துணியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார் அப்பா. அந்த அண்ணன் மோர் குடித்துவிட்டுப் போனதும், அம்மா மெத்தையைத் தனியாளாக மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பொழுது சாயும் வரை பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வீட்டுக்கு யாரும் வந்து காட்டுவதில்லை. எண்கள்தான் வருகின்றன. வாட், பாஸ்கல், மில்லி ஆம்பியர். இதில் வாட் என்பது அது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்ற கணக்கே தவிர, எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதல்ல. பாஸ்கல்தான் உறிஞ்சு சக்தி என்று போட்டிருக்கும். ஒரு விளம்பரத்தில் 1,20,000 பாஸ்கல் என்று இருந்தது. அதாவது 120 கிலோபாஸ்கல். இவர் இன்ஜினியர், பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். வேக்குவம் கிளீனர் எதையும் இழுப்பதே இல்லையாம். உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்று அந்தக் குறைவை நிரப்ப ஓடும்போது தூசியையும் தள்ளிக்கொண்டு போகிறது. வெளிக்காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல்தான். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் பெங்களூரில் சுமார் 91. உள்ளே ஒன்றுமே இல்லாமல் துடைத்து எடுத்தாலும் அதற்கு மேல் போக வழியில்லை. கையடக்க மெஷின்களில் நம்பும்படியான எண் 5க்கும் 20க்கும் நடுவில் இருக்கும்.

அந்த எண்ணும் மூக்கை இறுக மூடி வைத்து அளந்தது. இளநீர்க் கடையில் மெல்லிய ஸ்ட்ரா கொடுத்துவிட்டால் கன்னம் ஒட்ட உறிஞ்சுவோம், ஆனால் வாய்க்கு வருவது இரண்டு சொட்டு. உறிஞ்சலில் குறையில்லை, ஓட்டம் இல்லை. கடலைத்தோலையும் பொரியையும் தூக்கிக்கொண்டு போவது அந்த ஓட்டம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஏர்வாட் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பெட்டியில் போடுகிறவர்கள் குறைவு.

எண்களை எப்படி அளக்கிறார்கள் என்பதில் கோர்ட் வரை போன கதையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் வேக்குவம் கிளீனர்களுக்கு மின்சார லேபிள் கொண்டுவந்தபோது, சோதனையில் குப்பைப் பை காலியாகவே இருக்கும். பை நிறைய நிறைய மெஷின் திணறும் என்பது வீட்டில் உபயோகிக்கிற எல்லோருக்கும் தெரியும். பையே இல்லாத மெஷின் விற்கும் டைசன் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் லேபிள் விதியையே ரத்து செய்தது. டைசனுக்குச் சொந்த லாபம் இருந்தது, சரி. ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது. காலி வயிற்றோடு யாரும் வேலை செய்து காட்டலாம்.

அதனால் நான் இரவல் வாங்கினேன். எதிர் ஃபிளாட்டில் ஒன்று, ஆபீஸ் தோழியிடம் ஒன்று, இவருடைய தம்பியின் காரில் கிடந்த ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பொரி, ரவை, சீப்பிலிருந்து எடுத்த முடி, மகனின் ஷூவைத் தட்டிய செம்மண் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுச் சோதித்தோம். பிள்ளைகளுக்கு வாழ்நாளின் சிறந்த ஞாயிறு. குப்பை போடச் சொல்லி அம்மாவே அழைக்கிறாள்.

கார் மெஷின் சிகரெட் லைட்டர் துளையில் சொருகுவது, வீட்டுக்குள் வந்தால் அநாதை. அதோடு பொரியையே அதனால் தூக்க முடியவில்லை. எதிர் ஃபிளாட் மெஷின் ரவையை டைல்ஸ் இடுக்கிலிருந்துகூட எடுத்தது, ஆனால் அதன் அகல வாய் தாழ்வாக இருந்ததால் பொரி உள்ளே நுழையாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போனது. தோழியின் மெஷினில் சுழலும் பிரஷ். சோபாவுக்கு அருமை, முடிக்கு எமன். முடிதான் எமன் என்று சொல்ல வேண்டும். அத்தனை முடியும் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது.

கனத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. கற்றுக்கொடுத்தவர் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. கோலார் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். ஒன்றரைக் கிலோ மெஷினைக் கையில் கொடுத்தேன். வாங்கி, கையை நீட்டி, சும்மா நின்றார். பெருக்கவே இல்லை. ஒரு நிமிடம் ஆனதும் என்னிடமே நீட்டினார். "பேடம்மா. பெருக்குற பொரகெ முதுகுக்கு நோவு, இது மணிக்கட்டுக்கு நோவு." கடைக்குப் போனபோது நான் செய்த ஒரே சோதனை அதுதான். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணினேன். விற்பனைப் பையன் ஒதுங்கி நின்று பார்த்தான். எழுநூறு கிராம் இருந்த மெஷின் மட்டும் தேறியது. கனம் மூக்குப் பக்கம் இல்லாமல் கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வயர் இல்லாத மெஷின் என்று முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. பரணில் இருந்ததன் தோல்வியே போதும். இந்த ரகத்துக்கு முன்னோடி பிளாக் அண்ட் டெக்கர் 1979இல் கொண்டுவந்த டஸ்ட்பஸ்டர். நிலாவுக்குப் போன அப்பல்லோ பயணங்களுக்கு மண் தோண்டும் பேட்டரித் துளைப்பான் செய்த அனுபவம் அந்தக் கம்பெனிக்கு இருந்தது. நிலா மண்ணுக்கு உதவிய கைவேலை ராமமூர்த்தி நகர் மண்ணுக்கும் ஆகட்டும்.

ஆனால் பேட்டரிதான் இந்த மெஷின்களின் ஆயுள் ரேகை. உள்ளே இருப்பவை பெரும்பாலும் 18650 என்கிற லித்தியம் செல்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம், பெயரே அளவு. சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினால் தளர ஆரம்பிக்கும். இருபது நிமிடம் ஓடியது பன்னிரண்டாகும், பிறகு எட்டு. அதனால் பேட்டரியைக் கழற்ற முடிகிற மெஷினாகப் பார்த்தேன். ஸ்க்ரூ தெரிந்தால் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாராவது மாற்றித் தருவார்கள். ஸ்க்ரூவே இல்லாமல் ஒட்டிவிட்ட மெஷினை அவர்களும் உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தருவார்கள். சார்ஜர் டைப்-சி என்றால் கூடுதல் புண்ணியம், எங்கள் வீட்டில் தனி அடாப்டர் எதுவும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

ஃபில்டர் கழுவக்கூடியது என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும். கழுவினால் எலும்பு வரை காய வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் பிடித்து மோட்டாருக்கும் கேடு. ஜூலை மாதத்து பெங்களூர்ச் சாரலில் துண்டே இரண்டு நாள் காய்கிறது. ஃபில்டர் இரண்டு இருந்தால்தான் நடக்கும், தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஹெப்பா என்று எழுதியிருந்தால் உடனே உருகிவிடவும் கூடாது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். ஃபில்டர் பிடித்தாலும் ஓரத்து ரப்பர் இடைவெளியில் காற்று கசிந்தால் தூசி மறுபடி வீட்டுக்குள்தான். மெஷின் ஓடும்போது விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூஜை அலமாரிப் பக்கம் இதைக் கொண்டு போகாதீர்கள். விபூதி அவ்வளவு நைசான சாம்பல், ஒரே நாளில் ஃபில்டரை அடைத்துவிடும். கோலமாவும் அப்படியே. குங்குமம் உறிஞ்சினால் ஃபில்டர் ஆயுசுக்கும் சிவப்பு. சாம்பிராணிச் சாம்பல் இன்னும் மோசம். உள்ளே ஒரு பொட்டு கங்கு மிச்சம் இருந்தால் மெஷினுக்குள் முடியும் தூசியும் தயாராகக் காத்திருக்கின்றன. அங்கே பழைய துணிதான். தயிர்சாதத்துக்கும் துணிதான், ஈரம் உறிஞ்சும் ரகம் இல்லையென்றால்.

கடைசியில் 3,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அடுத்த வருடம் அதே பெயரில் வேறு மெஷின் வரும். எழுநூறு கிராம், காற்று பின்பக்கம் போகிறது, குப்பைக் கிண்ணம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, பிரஷ் சுழலாது. பரணில் ஏற்றவில்லை. ஹாலில், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்த ஆணிக்கு 15 ரூபாய். மொத்தச் செலவில் அதுதான் சரியாகச் செலவழித்த பணம் என்பேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் வீட்டில் வாரியலை இவரோ மகனோ தொட்டுப் பார்த்ததில்லை. மறுக்கவில்லை, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இந்த மெஷின் துப்பாக்கி மாதிரி இருக்கிறது, விசை இருக்கிறது, விளக்கு எரிகிறது. மகன் தினமும் ரோந்து போகிறான். இவர் காபித்தூள் சிந்தினால் தானே எடுத்து ஓட்டுகிறார், ஓட்டிவிட்டு என்னிடம் சொல்கிறார். அத்தை அதையும் கவனித்துவிட்டார். "வாரியலுக்கும் ஒரு லைட்டு வச்சிருந்தா இவன் அப்பனும் தூத்திருப்பான்" என்றார். மாமா படத்தில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் முதல் மழை பெய்தது. பெய்ததும் கரண்ட் போனது. எமர்ஜென்சி லைட்டை ஏற்றிய ஐந்தாவது நிமிடம் ஈசல் கூட்டம். ஜன்னலைச் சாத்துவதற்குள் நூறு, இருநூறு. வட்டமடித்து, விழுந்து, சிறகை உதிர்த்துவிட்டு ஊர்ந்து போயின. தரை முழுக்கச் சிறகு. ஈசல் சிறகை வாரியலால் பெருக்கியவர்களுக்குத் தெரியும், வாரியலின் காற்றிலேயே அது எழும்பி முகத்தில் ஒட்டும். மகள் சுவரோரம் ஒடுங்கி நின்றாள். மகன் ஆணியிலிருந்து மெஷினை எடுத்தான். இருட்டில் அதன் சின்ன விளக்கு தரையைத் தடவிக்கொண்டு போக, சிறகுகள் ஒவ்வொன்றாக எழுந்து உள்ளே போயின. கிண்ணத்துக்குள் மைக்கா மாதிரி மினுங்கிக்கொண்டு சுழன்றன. அத்தை கிண்ணத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எங்க ஊர்ல ஈசல வறுத்துத் திம்போம். அரிசியும் சேத்து."

"இதையா?" என்றாள் மகள்.

"றெக்கைய இல்லட்டி."

இவர் கொட்டப் போனார். அத்தை விடவில்லை. விளக்கு வைத்தாகிவிட்டது.

காலையில் ஏழேகாலுக்குக் குப்பை ஆட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டதும் கிண்ணத்தோடு கீழே இறங்கினேன். பெங்களூரில் பச்சை டப்பாவில் ஈரக்குப்பை, பையில் உலர் குப்பை, சிவப்பு டப்பாவில் மிச்சம். 2015இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் ஒரு காகிதத்தை விரித்து அதில் கொட்டினேன். ஈசல் சிறகு, அதனடியில் முடி, செம்மண், ரப்பர் துகள், ஒரு லெகோ துண்டு, பரிஷெயிலிருந்து சோபாவுக்குள் ஐந்து மாதம் ஒளிந்திருந்த ஒரு கடலைத்தோல்.

ஆட்டோவில் இருந்த பெண் எட்டிப் பார்த்தார். வழக்கமாக அவர்தான் கேட்பார், ஹசி கசவா ஒண கசவா, ஈரக்குப்பையா உலர் குப்பையா என்று. இன்றைக்கு நான் முந்திக்கொண்டேன்.

"இது ஹசியா, ஒணவா?"

அவர் குனிந்து லெகோவை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிவப்பு டப்பாவில் தட்டினார்.

"ரிஜெக்ட்டு."